சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

நவம்பர் 23, ஞாயிறு

நுணலும் தன் வாயால் கெடும் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்று கோமதிநாயகம் அண்ணன் வீட்டில் கூட்டம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இந்தச் சின்ன ஊரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை விரல்களுக்கும் தலைவர் அண்ணன். டிசம்பர் இருபதாம் தேதி கிறிஸ்துமஸ் விருந்து. மாதா கோயில் கூடத்தை ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் நமக்குச் சும்மா தருகிறார்கள், இந்தத் தடவையாவது அவர்களையும் கூப்பிட வேண்டும், அவர்கள் மனம் குளிர அவர்களுடைய பாரம்பரிய இசை கொஞ்சம் வைக்க வேண்டும் என்று முடிவானது. அண்ணன் போனில் ஒரு பாட்டைப் போட்டு, இது எப்படி இருக்கிறது என்று எல்லாரையும் கேட்டார். அது இங்கத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை ராத்திரி குதிக்கிற பாட்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். அண்ணே, இது பாரம்பரியம் இல்லையே என்றேன்.

"அப்ப நீங்களே பாத்து எடுத்துருங்க தம்பி. நாள் பூரா வண்டியில ரேடியோ கேட்டுக்கிட்டுத்தான போறிய."

கேட்டுக்கொண்டுதான் போகிறேன். பேக்கரி வண்டியில் ரேடியோத் திருகு உடைந்து ஒரே நிலையத்தில் நிற்கிறது. காலையிலிருந்து மதியம் வரை வயலின், குழல், மறுபடி வயலின். அதனால் நான் சங்கீத வித்வான் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஹெப்சியிடம் சொன்னேன். "ம்" என்றாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் இந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

ரொட்டியெல்லாம் இறக்கிவிட்டு மதியம் வந்தால் சாப்பாட்டு மேசையில் ஹெப்சியின் பாஸ்போர்ட். ஜனவரி மூன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாளாம். அவள் தம்பிக்குக் கல்யாணம், அது தெரிந்த விஷயம். திரும்பி வருவதற்குப் போடவில்லை என்பது தெரியாத விஷயம். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறாள். கிடைத்தால் அங்கேயே இருந்துவிடுவாளாம்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மார்ச்சுல இருந்து ஒரு தடவையாவது அவ பேரச் சொல்லியிருக்கியளா? இந்த வீட்ல அவளுக்கு அம்மா மட்டுந்தான் இருக்கா. அப்பான்னு யாருமில்ல. இப்படியே இன்னொரு வருசம் என்னால முடியாது."

மார்ச் பற்றி இந்த நோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. ஹெப்சிக்கு ஏழாம் மாதம். மூச்சில்லாமல் பிறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே நான் வண்டி எடுக்கப் போனேன். ஊர் ரொட்டி தின்னத்தானே வேண்டும். பெயர் ஹெப்சி முன்னமே எடுத்து வைத்திருந்தது, வேதாகமத்திலிருந்து ஒரு பழைய பெயர். எனக்கு ஷைனி என்று வைக்க ஆசை. பாட்டிமார் பெயர் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்ய, ஷைனி என்றால் செருப்புக் கடை மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்ல, சிரித்துச் சிரித்து சண்டை போட்டோம்.

இன்று பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா" என்று வந்தது. போட்டேன். ஏலக்காய் தட்டிப் போட்ட நல்ல டீ. அவள் குடிக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

பனிமூட்டம். கடலோரச் சாலையில் கடல் எங்கே முடிந்து சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வண்டி ஓட்டுகிற மாதிரியே இல்லை, யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கல்சுவருக்குப் பின்னால் ஒரு கழுதையின் காது மட்டும் தெரிந்தது. பின்னால் சூடான ரொட்டி வாசம், முன்னால் ரேடியோ.

வேலை என்று கொடுத்துவிட்டார்களே, ஒழுங்காகச் செய்வோம் என்று காது கொடுத்துக் கேட்கிறேன். ரீல் என்று ஒரு வகை, மூச்சு விடாமல் ஓடுகிறது. ஜிக் என்று ஒன்று, அது துள்ளும். ஆடுகிற கூட்டத்துக்கு இரண்டும் சரி. ஆனால் எந்தப் பாட்டையும் ஒரு தடவையோடு விடமாட்டேன் என்கிறார்கள். முடிந்தது என்று நினைத்தால் மறுபடி முதலிலிருந்து வருகிறது, பிறகு கொஞ்சமும் நிறுத்தாமல் வேறொன்றுக்குள் போய்விடுகிறது. எங்கே மாறியது என்று தேடிக்கொண்டே போனதில் கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்கு இறக்க வேண்டிய ரொட்டியை விட்டுவிட்டேன். திரும்பிப் போய்க் கொடுத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எதிர் வீட்டில் விளக்கெல்லாம் போட்டாயிற்று. எங்கள் காகித நட்சத்திரம் மேல் அலமாரியிலேயே இருக்கிறது. இறக்கவா என்று கேட்டேன். உங்க இஷ்டம் என்றாள். இறக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

ஹெப்சி பெரிய பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். அது மாடியில் சின்ன அறையில் இருக்கிறது. அந்த அறைக்கு நான் போவது கிடையாது. அங்கே ஹீட்டர் சரியில்லை.

மஞ்சள் சுவர். அடித்தது நான்தான், பிப்ரவரியில். நடுவில் துணி உலர்த்தும் கொடி. மூலையில் ஒரு நாற்காலி, அதன் மேல் ஹெப்சியின் சால்வை. நாற்காலி எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது சுவர் வழியாக வயலின் கேட்டது.

அந்தப் பக்கம் நுவாலா வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இந்த அறைச் சுவர் பொது. நுவாலாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள், நாக்கில் மிளகாய் தடவியவள். வாசிப்பாள் என்று தெரியும். கேட்டது இல்லை. ரீலும் இல்லை, ஜிக்கும் இல்லை. தாளமே இல்லாமல், அவசரமே இல்லாமல், ஒரு சுரத்தில் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக அடுத்ததற்குப் போகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ நடக்கிற மாதிரி. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கி, மஞ்சள் சுவர் சாம்பலாகி, எழுந்து விளக்கைப் போட வேண்டும் என்றே தோன்றவில்லை. தூங்கினேனா என்று கேட்டால் இல்லை. விழித்திருந்தேனா என்றால் அதுவும் இல்லை.

ஹெப்சி கீழேயிருந்து பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

நுவாலா வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். விருந்துக்கு வாசிக்க வர முடியுமா, கூட ஆள் யாராவது கிடைக்குமா என்று கேட்டேன். சாப்பாடு என்ன என்று கேட்டாள். பிரியாணி என்றேன். அப்படியானால் ஊரையே கூட்டி வருகிறேன் என்றாள். சித்தி மகன் டெக்லன் குழல் வாசிப்பானாம், அவன் நண்பன் பாட்ரான் என்ற தோல் வாத்தியம் தட்டுவானாம். கையில் தூக்கிப் பிடித்து ஒரு குச்சியால் தட்டுவது. பார்த்திருக்கிறேன், கஞ்சிராவுக்குப் பெரியப்பா.

செவ்வாய்க்கிழமை வாசித்ததை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி போனில் பிடித்துக்கொண்டேன். அதன் பெயரைச் சொன்னாள். ஐரிஷ் மொழிப் பெயர், என் வாயில் நுழையவில்லை.

டிசம்பர் 6, சனி

அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். ரீலுக்கு அண்ணியே கால் தட்டினார்கள். நுவாலாவின் மெதுவான பாட்டைப் போட்டதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கரன்கோவில்காரர். கிறிஸ்துமஸ் என்றாலும் சரி, பிறந்தநாள் என்றாலும் சரி, குத்துவிளக்கு ஏற்றாமல் எதையும் தொடங்கமாட்டார். எங்கள் சபை ஆட்களும் பழகிவிட்டோம். விளக்கேற்றும்போது இதுதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"என்ன ஒரு தெய்வீகம்! மங்களகரமா இருக்கு தம்பி. சரியான ஆளுகிட்டத்தான் பொறுப்பக் குடுத்திருக்கேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, பாடகர் குழுவில் இத்தனை வருஷம் பாடியவளிடம், நான் எடுத்த பாட்டை எல்லாரும் புகழ்ந்ததைச் சொன்னேன். நல்லது என்றாள். பெட்டி பாதி நிறைந்திருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

குடி கெட்டது.

குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனால் நுவாலாவும் அவள் தொட்டியோடு வந்தாள். எந்தப் பாட்டு எப்போது வரும் என்று கேட்டாள். விளக்கேற்றி எல்லா மங்களமும் பெருக வேண்டும் என்று வேண்டும்போது அந்த மெதுவான பாட்டு என்றேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அது ஒப்பாரியாம். இந்தக் கரையில் எப்போதோ கடலில் போன பையனுக்காக அவன் தாய் பாடியது என்று சொல்வார்களாம். கல்யாண வீட்டில் முகாரி கேட்டிருக்கிறோமா? நான் குத்துவிளக்கு முன்னால் ஒப்பாரியை ஏற்பாடு பண்ணியிருக்கிறேன், அதற்குக் கோமதிநாயகம் அண்ணன் மங்களகரம் என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறார்.

வேறு பாட்டு சொல் என்று கெஞ்சினேன். தாராளமாக மாற்றலாம் என்றாள். ஆனால் ஐரிஷ்காரர்களுக்காக மாற்ற வேண்டாம், அவர்கள் விருந்தில் நாலு பாட்டு குதித்தால் ஐந்தாவது அழ வேண்டும் என்றாள். வந்தவர்களுக்குத்தான் நிறையப் பாட்டு இருக்கிறதே, வராதவர்களுக்கு ஒன்றாவது வேண்டாமா என்று கேட்டாள்.

மழை வந்தது, உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

சாப்பிடும்போது ஹெப்சியிடம் நடந்ததைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. பாட்டை மாற்றப் போகிறேன், ஒரு நல்ல ஜிக்காகப் போட்டுவிடலாம் என்றேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எதுக்கு மாத்துதிய?"

அழுகைப் பாட்டு என்று மறுபடி சொன்னேன்.

"தெரியும். ஏப்ரல்ல இருந்து அந்த ரூம்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அழுகைப் பாட்டுன்னு யாரும் சொல்ல வேண்டாம். அது இருக்கட்டும். மாத்தாதிய."

எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு விஷயத்தில் இப்படித்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். சரி என்றேன். அண்ணனிடம் சொல்லப் போவதில்லை. அவர் காதுக்கு மங்களம், அவ்வளவுதான்.

நாற்காலி எப்போது மேலே போனது என்று தெரிந்துவிட்டது. ஏப்ரலில். நான் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

டிசம்பர் 13, சனி

நுவாலா வீட்டில் ஒத்திகை. பாட்டெல்லாம் முடிவாகிவிட்டது. விளக்குக்கு அது. சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு ஜிக். சாப்பிட்ட பிறகு ஆட்டத்துக்கு ரீல், எத்தனை சுற்று என்பது பிரியாணியைப் பொறுத்தது என்று டெக்லன் சொன்னான். நான் எடுத்த ஒரு ரீலைக் கேட்டு, பரவாயில்லையே ரொட்டிக்காரரே என்றான். பெருமையாக இருந்தது.

கடைசியில் ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடாதே என்றாள் நுவாலா. நோபிள் கால் என்று பெயராம். விருந்து முடிகிற நேரத்தில் ஒருவர் பாடுவார். பாடி முடித்தவருக்கு அடுத்து யார் என்று கூப்பிடுகிற உரிமை உண்டு. கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பாட வராதவர் கதை சொல்லலாம், நாலு வரி செய்யுள் சொல்லலாம், ஏதாவது. வெறும் கையோடு மட்டும் உட்காரக் கூடாது.

நல்ல வழக்கம் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டால் என்று கேட்டேன். போகலாம், ஊர் அதை முப்பது வருஷம் பேசும் என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து பதில் வந்துவிட்டது. வேலை உண்டாம். பிப்ரவரி முதல் தேதி சேரலாமாம். இங்கே ஆஸ்பத்திரியில் ராஜினாமா எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

வாழ்த்துகள் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. போகாதே என்று சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 18, வியாழன்

பேக்கரியில் தலைக்கு மேல் வேலை. வண்டி நிறைய கிறிஸ்துமஸ் கேக். காலையில் பனிக்குள் கடற்கரைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ரேடியோவில் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டும் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போய் மீதி கேக்கை இறக்கினேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். சபைக்குப் போகவில்லை. ஹெப்சி இன்னும் தூங்குகிறாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது.

கூடம் நிறைந்திருந்தது. ஐரிஷ்காரர்கள் சொன்னதைவிட அதிகம் பேர் வந்தார்கள். பிரியாணிச் செய்தி பரவிவிட்டது போல. ஹெப்சி நீலப் பட்டு கட்டியிருந்தாள். வருவாளா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அண்ணன் விளக்கேற்றினார். நுவாலா வயலினைக் கழுத்தில் வைத்தாள். முதல் சுரம் வந்ததும் ஐரிஷ்காரர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராகத் தலை குனிந்து, சத்தமில்லாமல் எழுந்து நின்றார்கள். அவர்கள் நிற்பதைப் பார்த்து நம் ஆட்களும் நின்றோம். குத்துவிளக்கின் ஐந்து முகமும் ஆடாமல் எரிந்தது. யார் யாருக்காக நின்றார்களோ தெரியாது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க கூடம் தள்ளிப் போய், அந்த மஞ்சள் அறைதான் கண் முன்னால் இருந்தது.

முடிந்ததும் அண்ணன் என் காதருகே வந்தார்.

"பாத்தியளா தம்பி, நம்ம விளக்குக்கு எவ்வளவு மரியாதை குடுக்காங்கன்னு."

ஆமா அண்ணே என்றேன்.

பிறகு ஜிக், பிரியாணி, மறுபடி பிரியாணி, ரீல். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டெக்லன் அம்மாவோடு கை கோத்துச் சுற்றினார்கள். நான் எடுத்த ரீலுக்குத்தான் கூட்டம் அதிகம் ஆடியது, இதை எழுதிவைக்கத்தான் வேண்டும்.

கடைசியில் எல்லாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். நுவாலா முதலில் ஒரு கேலிப் பாட்டு பாடினாள். பாடிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் மறுப்பாரா? முருகன் மேல் ஒரு பாட்டை மூச்சுப் பிடித்துப் பாடி, மூச்சு முடிந்த இடத்தில் முடித்தார். ஒரே கைதட்டல். அடுத்து யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று நுவாலா கேட்டாள். அண்ணன் வெள்ளந்தி மனுஷன், எங்களுக்குள் நடப்பது ஒன்றும் தெரியாது. பாடகர் குழுவில் பாடியவள் என்பது மட்டும் தெரியும். நம்ம ஹெப்சி பாடும் என்றார்.

மார்ச்சுக்குப் பிறகு அவள் சபையில்கூட வாய் திறந்தது இல்லை. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், நானும் எழுந்திருக்கத் தயாராக இருந்தேன். அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை ஒரு கையில் சுற்றிப் பிடித்தாள், பாடும்போது அப்படித்தான் பிடிப்பாள். ஆராரோ என்று எடுத்தாள்.

அந்தப் பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு. அதே சுரம், அதே அவசரமில்லாத நடை, வார்த்தை மட்டும் ஆராரோ ஆரிரரோ, வேறொன்றும் இல்லை. ஏப்ரலிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நுவாலா வயலினை எடுத்துக் கீழ்ச் சுரத்தில் மெல்லச் சேர்ந்துகொண்டாள். நான் அழுதேன். ஊர் பார்க்கிறது என்று தோன்றவில்லை.

முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. நுவாலா மெதுவாக, அடுத்து யார் என்று கேட்டாள்.

ஹெப்சி வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றது பார்வை.

"எங்க வீட்டுக்காரர்."

எனக்குப் பாட வராது. அவளுக்குத் தெரியும். கதவு என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரி என்னைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுந்தேன். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். தமிழில்தான் வந்தது.

"எங்களுக்கு ஒரு மக பொறந்தா. மார்ச்சு மாசம். மூச்சு இல்ல. என் கையில குடுத்தாங்க, நான் சரியாப் பாக்கல. அவ அம்மாதான் பேரு வச்சா. நான் வேண்டாம்னு சொன்னேன், நல்ல பேருதான் அது. எமீமா. எம் மக பேரு எமீமா."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஐரிஷ்காரர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். கோமதிநாயகம் அண்ணன் எழுந்து நின்று, மேடை ஆங்கிலத்தை எல்லாம் விட்டுவிட்டு, தடுமாறித் தடுமாறி ஒவ்வொரு வாக்கியமாக அவர்களுக்குச் சொன்னார். பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அப்போது வட்டத்தின் மறுபக்கத்தில் தொப்பிக்காரர் அந்தப் பெயரைத் தன் வாயால் ஒரு தடவை சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள். டெக்லன் சொன்னான். எமீமா, எமீமா என்று தாழ்ந்த குரலில் வட்டத்தைச் சுற்றி வந்தது. கேட்டுக்கொண்டே நின்றேன்.

இப்போது கூப்பிடுகிற உரிமை உனக்கு என்று நுவாலா ஞாபகப்படுத்தினாள். என்ன கூப்பிடுவது? ரீல் என்றேன். எல்லாரும் வாசியுங்கள் என்றேன். பாட்ரான் தட்டத் தொடங்கியதும் ஹெப்சி என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தோள் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

நட்சத்திரத்தை இறக்கி, தூசி தட்டி, மாட்டினோம். சின்ன அறை ஜன்னலில். அங்கே ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

பெட்டி மூடியாயிற்று. ராஜினாமா கொடுத்தாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக, போகாதே என்று இல்லை, போய்விட்டு வா என்றேன். "ம்" என்றாள். இந்த "ம்" பழைய "ம்" மாதிரி இல்லை. ஆனால் நான் சங்கீத வித்வான் இல்லையே, எனக்கு எப்படி உறுதியாகத் தெரியும்.

ஜனவரி 3, சனி

ஹெப்சியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். காரில் ஏதோ கோளாறு, பேக்கரி முதலாளியிடம் கேட்டு வண்டியிலேயே கூட்டிப் போனேன். பனி. சாலை வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது. ரேடியோவில் வயலின்.

பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எமீமாவுக்கு அந்த மெதுவான பாட்டுதான் புடிச்சிருக்கும்."

நான் இல்லை என்றேன். அவளுக்கு ரீல்தான் பிடித்திருக்கும், வயிற்றுக்குள் இருக்கும்போதே என்ன உதை உதைத்தாள் என்றேன்.

அதெல்லாம் பசியில் உதைத்தது என்றாள் ஹெப்சி. தாளத்தோடு உதைத்தாள், நான் கை வைத்துப் பார்த்தேனே என்றேன். உங்களுக்குத் தாளம் தெரியுமாக்கும் என்றாள். ரொட்டி வண்டி ஓட்டுகிற மனுஷனுக்குப் பிறந்தவள் நின்று நிதானமாகக் கேட்கிற பாட்டைக் கேட்பாளா என்றேன். பாடகர் குழுவில் பாடுகிறவளுக்கும்தான் பிறந்தாள், அதை மறந்துவிட வேண்டாம் என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். சுங்கச் சாவடியில் காசு வாங்குகிற பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். விமான நிலையம் வந்தும் சண்டை முடியவில்லை. பெட்டியை இறக்கி வைத்தேன். விடுவாளா? கண்ணாடிக் கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மாசியில வந்து பேசிக்கிடுதேன் ஒங்கள. லீவு ஆறு வாரந்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

வண்டியில் தனியாகத் திரும்பும்போது ரேடியோவில் ஒரு ரீல் வந்தது. நல்ல ரீல். கேட்டியா எமீமா என்றேன், சத்தமாகத்தான்.